மாதா மாதம் ஒரு பெட்டி

வாசல் மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால், ஒரு பையன் அட்டைப் பெட்டி ஒன்றை நீட்டுகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பணம் கட்டியவர் சாட்சாத் நீங்களேதான்!

இந்த விசித்திர வியாபாரத்தைச் சந்தாப் பெட்டி என்று சொல்லலாம். இணையத்தில் ஒரு முறை பெயரைப் பதிந்து சந்தா கட்டிவிட்டால் போதும். சோப்போ, புத்தகமோ, தேயிலையோ, குழந்தைக்கு விளையாட்டுச் சாமானோ மாதா மாதம் வீடு தேடி வரும். “வீட்டிலிருந்தபடியே நாமும் இதைச் செய்தால் என்ன?” என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். பேஷாகச் செய்யலாம். ஆனால் நகையை அடகு வைக்குமுன், அமெரிக்காவில் இரண்டு பெண்மணிகள் கடை வைத்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

காட்டியா போஷாம்ப், ஹேலி பார்னா இருவரும் ஹார்வர்டில் வர்த்தகம் படித்த சிநேகிதிகள். 2010-ம் வருஷம் நியூயார்க்கில் ‘பர்ச்பாக்ஸ்’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். சந்தா மாதம் 10 டாலர். முகப்பூச்சு, வாசனைத் தைலம், ஷாம்பு என்று நாலைந்து மாதிரிகள், சுண்டுவிரல் உயரச் சீசாக்களில் வரும். சாமர்த்தியம் எங்கே என்றால், அந்த மாதிரிகளைச் சாமான் தயாரிக்கும் கம்பெனிகளே சும்மாவோ சொற்ப விலைக்கோ கொடுத்துவிடும்! அவற்றுக்கு விளம்பரம் ஆயிற்று அல்லவா? சந்தாதாரருக்குப் பிடித்துப்போனால் முழுச் சீசாவையும் பர்ச்பாக்ஸ் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரே பெட்டியில் இரட்டை லாபம்.

சந்தாதாரர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். இதே மாதிரிப் பெட்டிகளோடு போட்டிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். தவிரவும், 10 டாலருக்கு மாதிரி வாங்கியவர்கள் எல்லோரும் முழுச் சீசா வாங்கத் தயாராக இல்லை. 2016-ல் ஆட்குறைப்பு. 2018-ல் பெரும் பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2021-ல் கம்பெனியே கைமாறியது.

முதல் பெட்டியை விற்பது சுலபம், சகோதரிகளே! ஏழாவது பெட்டியை விற்பதில்தான் இருக்கிறது சங்கடம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று 100 பேர் சேருகிறார்கள். மாதா மாதம் இருப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் விலகினால், வருஷக் கடைசியில் மிஞ்சுவது 28 பேர்! விலகுவது நூற்றுக்கு ஐந்தானால் 54 பேர் இருப்பார்கள். போனவர்களின் இடத்தை நிரப்ப மறுபடி விளம்பரம், மறுபடி தள்ளுபடி. ‘புளூ ஏப்ரன்’ என்று இன்னொரு கம்பெனி, காய்கறியும் மசாலாவும் அளந்து வைத்துச் சமையல் குறிப்போடு அனுப்பியது. 2016-ல் அது விளம்பரத்துக்கும் ஆள் பிடிப்பதற்கும் செலவிட்டது சுமார் 14 கோடியே 40 லட்சம் டாலர். அந்த வருஷத்து நஷ்டம் சுமார் ஐந்தரைக் கோடி. 2017-ல் பங்கு வெளியிட்டபோது கிட்டத்தட்ட 190 கோடி டாலர் மதிப்புப் பெற்றிருந்த அந்தக் கம்பெனி, 2023-ல் சுமார் 10 கோடியே 30 லட்சத்துக்கு விலைபோயிற்று.

நம் ஊரில் ஆரம்பிப்பவர்களுக்கு இன்னொரு சமாசாரம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து மாதச் சந்தாவைத் தானாக எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கைக்காரருக்குத் தகவல் போயாக வேண்டும். அதாவது, “இந்த மாதமும் வேண்டுமா?” என்ற கேள்வி மாதா மாதம் அவர் கையில் போய் நிற்கிறது. விலக நினைப்பவரை விலக விடாமல் சுற்றலில் விடும் தந்திரத்தையும், 2023-ல் வந்த மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகள் தடுக்கின்றன. நியாயம்தானே? போகிறவரைச் சிரித்த முகத்தோடு அனுப்பினால், தீபாவளிக்குத் திரும்பி வந்தாலும் வருவார்.

பெட்டியின் அளவிலும் கண் இருக்கட்டும். கூரியர்காரர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்துக் கிலோக் கணக்குப் போடுவார்கள். 30-க்கு 25-க்கு 15 பெட்டியில் அரைக் கிலோ சாமான் வைத்தாலும், இரண்டேகால் கிலோவுக்குக் கூலி கேட்பார்கள்! பெட்டி ஒன்றுக்கு 170 ரூபாய் மிஞ்சுகிறது, ஓர் ஆளைச் சேர்க்க 500 ரூபாய் விளம்பரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பெட்டி போகும் வரை உங்களுக்கு லாபமே கிடையாது. கூலியில் ஐம்பது ரூபாய் ஏறினால், அது ஐந்தாவது பெட்டி வரை தள்ளிப்போகும்.

ஆகவே இருபது பெட்டியோடு தொடங்குங்கள். அந்த இருபது பேரும் உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் உத்தமம். மன்னியிடம் கொடுத்தால், “ரொம்ப நன்றாயிருக்கிறது!” என்பாள். இரண்டாவது மாதச் சந்தாவைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்!