காட்டுப்பாதையில் நாய்க்கு ஏன் கயிறு?

நாய் கூட வந்தால் காட்டில் நமக்குப் பாதுகாப்பு என்று கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் சொல்வதுண்டு. வீட்டு வாசலில் அது சரி. சோலைக்காட்டு ஓரத்தில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

காட்டுமாட்டைப் பார்த்ததும் அவிழ்த்துவிட்ட நாய் குரைச்சுக்கிட்டே ஓடும். ஒரு டன் வரை எடையுள்ள ஆண் மாடு தலையைத் தாழ்த்தித் திரும்பினா, பயந்து ஓடிவரும். எங்கே? நம்மகிட்டதான். பின்னாலேயே மாடும் வரும். நாயே இல்லாமல் நாம் ஒதுங்கி நின்றிருந்தால் அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போயிருக்கும். யானை, கரடி விஷயத்திலும் இதே கதைதான்.

சிறுத்தைக்கோ நாய் நேரடியாக இரை. மகாராஷ்டிராவின் அகோலேயில் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தபோது, தின்ற இரையில் எடைக்கணக்கில் முதலிடம் வீட்டு நாய்க்குத்தான். அதனால் விடிகாலை, அந்தி நடை வேண்டாம். கயிறு 2 மீட்டர் போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள்கயிறு புதரில் சிக்கிக்கொள்ளும்.

ஆபத்து எதிர்ப்பக்கமும் உண்டு. 2018-ல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற டிஸ்டெம்பர் வைரஸ் நாய்களிடமும் பரவுவது. நம் மலைகளின் செந்நாயும் அதே குடும்பம். தடுப்பூசி பாக்கி இருந்தால் நாய் வீட்டிலேயே இருக்கட்டும். முதுமலை மாதிரி புலிகள் காப்பகத்துக்குள் கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம்.

மழைக்காலத்தில் தண்ணீரும் நீங்களே கொண்டுபோங்க. ஓடையில் குடிக்கும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், விடாத தும்மல் என்றால் கால்நடை மருத்துவரிடம் ஓடையில் குடித்ததையும் சொல்லுங்க.