முற்பணம் கொடுக்கும் முன் உறுதியைப் பாருங்கள்
கண்டியில் முதன்முதலாகக் காணி வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு

போரினால் இடம்பெயர்ந்த பெண்களோடு கதைக்கும்போது ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழும். "என்ர பெயரில ஒரு துண்டுக் காணி இருந்தால் போதும்." வீடு, வளவு, உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு ஓடியவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் பாரம் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, 2009இல் கணவரை இழந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காக வன்னியிலிருந்து கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்து தையல் வேலை செய்தார். சீட்டுக் காசையும் கடைசிச் சோடிக் காப்பு விற்ற காசையும் சேர்த்து, திகனைப் பக்கம் 10 பேர்ச்சஸ் காணி பார்த்தார். "இண்டைக்கு அட்வான்ஸ் தராட்டி நாளைக்கு வேற ஆள் வாங்கிடும் அக்கா" என்றார் தரகர். அக்கா இரண்டு லட்சம் ரூபாவைக் கொடுத்தார். கொப்பித் தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் ரசீது.

பிறகுதான் நொத்தாரிசிடம் போனார். அவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நன்கொடை உறுதி. எழுதிக் கொடுத்த தாய் இன்னும் உயிரோடு இருக்கிறா. அவ நினைத்தால் இதைத் திருப்பி எடுக்கலாம். வாங்காதீங்க" என்றார். கொடுத்த காசில் பாதிதான் திரும்பி வந்தது.

அக்கா செய்த பிழை ஒன்றே ஒன்று. முதலில் காசு, பிறகு பத்திரம் என்று போனார். முதலில் பத்திரம், பிறகு காசு என்று போயிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதைத்தான்.

எவ்வளவு காசோடு இறங்கலாம்?

காணி வங்கிக் கணக்கு அல்ல. அவசரத்துக்கு உடனே விற்க முடியாது. அவசரமாக விற்றால் நட்டத்துக்குத்தான் போகும். ஆகவே ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிகுதிக் காசில் மட்டும் காணி பாருங்கள். கடன் எடுத்தால் வட்டி மாறும் என்பதை மறக்க வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடியில் கடன் வட்டி 25 சதவீதத்தையும் தாண்டியது.

காணியின் விலையோடு செலவு முடிந்துவிடாது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். நொத்தாரிசு கூலி, நில அளவையாளர் கூலி, பதிவுச் செலவு என்பனவும் உண்டு. வெறுங்காணி மாதாமாதம் வருமானம் தராது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி கெலிஓயா, பிலிமத்தலாவை போன்ற இடங்களில் ஓர் அறை கட்டி மாணவிகளுக்கு வாடகைக்குக் கொடுத்தால் சிறு வருமானம் வரும். அதையும் கணக்கில் எடுத்தே இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

அளவுக் கணக்கையும் தெரிந்திருங்கள். 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தில் நாம் சொல்லும் ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். 6 பேர்ச்சஸுக்குக் குறைந்த துண்டில் வீடு கட்ட அனுமதி எடுப்பது கடினம்.

உறுதியை எப்படிப் பார்ப்பது?

காணி பிடித்திருந்தால் உறுதியினதும் நில அளவைப் படத்தினதும் போட்டோப் பிரதிகளைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் காணி வேண்டாம். உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசை வையுங்கள். விற்பவரோ தரகரோ கூட்டி வரும் நொத்தாரிசு போதாது. அவர் கண்டிக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவுகளைக் குறைந்தது 30 வருடங்களுக்குத் தேடிப் பார்ப்பார். காணி யார் யார் கை மாறி வந்தது, ஈட்டில் இருக்கிறதா, வழக்கு உண்டா என்பன அதில் தெரியவரும்.

மூன்று விடயங்களை நீங்களே கேளுங்கள். பெற்றோருக்குச் சீவிய உருத்து வைத்திருக்கிறார்களா? பிரிக்கப்படாத பங்கா? காணிக்குப் போகும் பாதை படத்தில் இருக்கிறதா? பிரிக்கப்படாத பங்கை வாங்கினால், உங்கள் துண்டு எது என்று காட்டப் பங்குதாரர் எல்லோரோடும் வழக்காட வேண்டி வரலாம்.

கண்டிக்கே உரிய ஒரு சட்டம்

அக்காவை மாட்டிவிட்டது இதுதான். கண்டிய சிங்களவருக்கு 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டம் பொருந்தும். அதன்படி நன்கொடையாகக் காணி எழுதிக் கொடுத்தவர், சில விதிவிலக்குகள் தவிர, தன் வாழ்நாளில் அதை இரத்துச் செய்யலாம். 'இரத்துச் செய்யும் உரிமையைக் கைவிடுகிறேன்' என்று உறுதியில் வெளிப்படையாக எழுதியிருந்தால் அது விதிவிலக்கு. எனவே விற்பவருக்குக் காணி நன்கொடையாக வந்திருந்தால், இந்த வசனம் உண்டா என்று நொத்தாரிசிடம் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவரின் உரிமையும் ஆட்டங்காணும்.

'அனுமதிப்பத்திரக் காணி மலிவு' என்று யாரும் சொன்னாலும் கவனம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அரச காணியை உரிய அனுமதியில்லாமல் விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

மலையையும் பாருங்கள்

கண்டியில் பத்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மண்ணும் சரியாக இருக்க வேண்டும். 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்ததில் ஒரு கைக்குழந்தை உட்பட மூவர் இறந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளியில், மண்சரிவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று.

காணியை வெயில் நாளில் ஒரு முறை, பெருமழைக்குப் பிறகு ஒரு முறை பாருங்கள். சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாகக் கசியும் கலங்கல் நீர், செங்குத்தாக வெட்டிய மண் என்பன ஆபத்தின் அறிகுறிகள். அயலில் உள்ள வயதானவர்களைக் கேட்டால் எந்த வருடம் எங்கே சரிந்தது என்று சொல்வார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. அதன் சிபாரிசு கிடைக்குமா, வீதிக்கோடு எங்கே போகிறது, கட்டட அனுமதி கிடைக்குமா என்பதை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வாங்கும் முன்பே கேளுங்கள். சரிவான காணி மலிவாகக் கிடைக்கும். ஆனால் தாங்குசுவர் கட்டும் செலவு காணி விலையையே எட்டிவிடக்கூடும்.

முற்பணமும் கையொப்பமும்

1840ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் ஒரு விதி உண்டு. காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு மற்றும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைச்சாத்திடப்பட வேண்டும். கொப்பித் தாள் உடன்படிக்கையைக் காட்டிக் காணியைக் கேட்க முடியாது. முற்பணத்தை நொத்தாரிசு முன்னிலையில் கொடுங்கள். உறுதி சரியில்லாவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்றும் அதில் எழுதுவியுங்கள். முடிந்தால் வங்கி மூலம் கொடுங்கள்.

கண்டியில் பெரும்பாலான உறுதிகள் சிங்களத்தில் எழுதப்படும். வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பமிட வேண்டாம். உறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்க வெட்கப்படாதீர்கள். உறுதி முடிந்ததும் தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நீங்கள் பதியாமல் இருக்க, அதே காணியைப் பின்னர் வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்தால், சட்டத்தில் அவருக்கு முன்னுரிமை கிடைக்கக்கூடும்.

காசுக் கஷ்டம் வந்து பிற்காலத்தில் யாரிடமும் கடன் வாங்கினால், 'சும்மா ஒரு பிணைக்கு' என்று சொல்லி அறுதி உறுதியில் கையெழுத்துக் கேட்பார்கள். அது ஈடு அல்ல, விற்பனை. எத்தனையோ பெண்கள் இப்படித்தான் காணியைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

யாருடைய பெயரில்?

உங்கள் உழைப்பில் வாங்கும் காணி உங்கள் பெயரில் இருக்கட்டும். அண்ணன், தம்பி, மருமகன் பெயரில் 'இப்போதைக்கு' எழுதும் பழக்கம் வேண்டாம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் காணி வாங்கலாம், ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெற 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. இதை வாங்கும்போதே நொத்தாரிசிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

உறுதியின் பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் கூடக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் நிலையம் கண்டியிலும் உண்டு.

அந்த அக்கா? இரண்டு வருடம் கழித்து கெலிஓயாப் பக்கம் 8 பேர்ச்சஸ் வாங்கினார். இம்முறை தரகர் அவசரப்படுத்தியபோது அவர் சொன்னது இதுதான்: "தம்பி, வேற ஆள் வாங்கினால் வாங்கட்டும். நான் உறுதியைப் பார்த்துப்போட்டுத்தான் காசு தருவன்."

நீங்களும் அப்படியே சொல்லுங்கள், சகோதரிகளே.