பழம்பொருள்களுக்குப் புத்துயிர்

நுழையும்முன்

கால் ஆடினால் நாற்காலி பரணேறுகிறது. துருவேறினால் பெட்டி பழைய இரும்புக்கடைக்குப் போகிறது. இவற்றை வீட்டிலேயே மீட்டெடுக்கும் முறையையும், மீட்கும்போது எதனை அழித்துவிடக் கூடாது என்பதையும் அறிவோம்.

மரம்

பழைய தேக்கு நாற்காலி கறுத்திருப்பது பெரும்பாலும் மரத்தின் குறையன்று. மேற்பூச்சில் படிந்த அழுக்கே. ஆகவே, உப்புத்தாளை எடுக்குமுன் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர், கண்ணில் படாத ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒற்ற வேண்டும். பூச்சு இளகி ஒட்டினால் அஃது அரக்கு மெருகு. அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அது. புதிய அரக்கு, பழைய அரக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும். எனவே பழையதை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. தேய்க்க நேர்ந்தாலும் மரவரிகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் நிலைத்துவிடும்.

ஆடும் காலுக்கு ஆணி அடிப்பது பலரும் செய்யும் பிழை. அது கழுந்தையே பிளந்துவிடக்கூடும். பழைய மூட்டுகளில் இட்ட வச்சிரப்பசை காய்ந்து பிடிப்பிழப்பதே தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம். வச்சிரம் வெந்நீரில் இளகும். அதனைத் துடைத்தகற்றிப் புதுப்பசை இட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் விட்டால் மூட்டு உறுதிபெறும்.

இரும்பு

இரும்பு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிவதால் துரு உண்டாகிறது. துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் மேற்பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. துருவின்மேல் வண்ணம் பூசுவது நோயை மூடி மறைப்பது போன்றது. கம்பித் தூரிகையால் துருவை அகற்றி, மீண்டும் ஈரம் படியுமுன் ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் தீட்ட வேண்டும்.

எச்சரிக்கை

பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். எனக் கட்டுப்படுத்தும் விதி 2016இல்தான் இந்தியாவில் வகுக்கப்பட்டது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் ஈயத்தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐயமிருப்பின் அப்பூச்சைத் தேய்க்காது விடுவதே அறிவுடைமை.

நிறைவாக

புதுப்பித்தல் வேறு, புதியதாக்குதல் வேறு. பாட்டனார் கைபட்டுத் தேய்ந்த கைப்பிடியின் பள்ளம் பழுதன்று. அதனை நிரப்பி மெழுகினால் நாற்காலி எஞ்சும். பாட்டனாரின் தடம் மறைந்துபோகும்.