பெரிய கப்பலுக்கு அனுமதி இல்லை! ஆமைத் தீவுகளில் அதிசயக் கட்டுப்பாடு

தீவுக் கரைக்கு ஒரு சிறு படகு வருகிறது. படகில் பிரயாணிகள் 16 பேர். அவர்களோடு ஒரு வழிகாட்டி.

இறங்கும் படியில் ஒரு கடல் சிங்கம் படுத்திருக்கிறது. கொழுத்த உடம்பு. முகத்தில் நீண்ட மீசை. வெயிலில் சுகமாகத் தூங்குகிறது.

படகில் வந்தவர்கள் அதை விரட்டவில்லை. கை தட்டவில்லை. தொட்டுப் பார்க்கவும் இல்லை. பல ஆயிரம் மைல் தாண்டி, பணத்தைக் கொட்டி வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தப் பிராணி வழி விடும் வரை காத்திருக்கிறார்கள். அது எழுந்திருக்காவிட்டால் ஓரமாக ஒதுங்கி இறங்குகிறார்கள்.

அங்கே சட்டம் அப்படி!

அந்த இடத்தின் பெயர் காலபாகஸ் தீவுகள். தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமானவை. அந்த நாட்டின் கரையிலிருந்து சுமார் 600 மைல் தூரத்தில், பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே இருக்கின்றன. பூமத்திய ரேகை இந்தத் தீவுகளின் மேல்தான் செல்கிறது. பெரிய தீவுகள் 13. சிறு தீவுகளும் பாறைகளும் நூற்றுக்கு மேல்.

இன்று உலகில் ஓடும் உல்லாசக் கப்பல்கள் மிதக்கும் நகரங்களைப் போல இருக்கின்றன. ஒரே கப்பலில் ஐயாயிரம் பேர், ஆறாயிரம் பேர் போகிறார்கள். அப்படிப்பட்ட கப்பல் காலபாகஸ் தீவுகளைச் சுற்றி வர முடியாது. இங்கே சுற்றுலா நடத்தும் கப்பலில் 100 பிரயாணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரும்பாலான படகுகளில் 16 பேர், 20 பேர்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அதற்கு ஒரு நீண்ட கதை உண்டு.

பயம் அறியாத பிராணிகள்

1535-ம் ஆண்டு. பனாமாவிலிருந்து பெரு நாட்டுக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தவர் பனாமா நகரத்தின் பிஷப், தாமஸ் டி பெர்லாங்கா. வழியில் காற்று நின்றுவிட்டது. பாய் மரக் கப்பல் ஆயிற்றே! நீரோட்டம் அதை மேற்கே இழுத்துப் போய், யாரும் அறியாத தீவுகளில் சேர்த்தது.

குடிக்கத் தண்ணீர் இல்லை. சப்பாத்திக் கள்ளியைப் பிழிந்து, அந்தச் சாற்றைக் குடித்தார்கள். பிறகு பிஷப் ஸ்பெயின் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அங்கே உள்ள பறவைகளுக்கு ஓடத் தெரியவில்லை என்றும், கையாலேயே பிடிக்க முடிந்தது என்றும் அதில் தெரிவித்தார்.

அந்தப் பறவைகள் மனிதனை அதற்கு முன் கண்டதில்லை. கண்டிராத ஒன்றிடம் பயம் எப்படி வரும்?

தீவுகளில் ராட்சத ஆமைகளும் இருந்தன. சில ஆமைகள் 250 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழும். ஆமையைக் குறிக்கும் பழைய ஸ்பானியச் சொல்தான் தீவுகளுக்கே பெயர் ஆகிவிட்டது.

அந்த ஆமைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். அதுவே அவற்றுக்கு எமன் ஆயிற்று. கடற்கொள்ளைக்காரர்களும், திமிங்கலம் பிடிக்க வந்தவர்களும் ஆமைகளைத் தூக்கிப் போய்க் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினார்கள். வேண்டும்போது ஒன்றை எடுத்து வெட்டிச் சமைத்தார்கள். இப்படிப் போன ஆமைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

1835-ம் ஆண்டு இங்கிலாந்து வாலிபர் ஒருவர் இங்கே வந்தார். வயது 26. பெயர் சார்லஸ் டார்வின். ஐந்து வாரம் தங்கினார். ஒவ்வொரு தீவிலும் பிராணிகள் சிறிது வேறுபட்டு இருப்பது பின்னால் அவரைச் சிந்திக்க வைத்தது. உயிர்கள் எப்படிப் பல வகை ஆயின என்பதைப் பற்றி 1859-ல் அவர் வெளியிட்ட புத்தகம் உலகத்தையே உலுக்கியது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1959-ல், ஈக்வடார் அரசாங்கம் காலபாகஸ் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலத்தில் நூற்றுக்கு 97 பங்கு பூங்காவுக்கு. ஜனங்கள் குடியிருக்கவும் பயிர் செய்யவும் மீதி 3 பங்கு.

மூன்று ஆடுகள் செய்த வேலை

அதே 1959-ம் ஆண்டில் இன்னொரு காரியமும் நடந்தது. பின்டா என்ற தீவில் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டுச் சென்றார்கள். அடுத்த முறை வரும்போது இறைச்சிக்கு ஆகும் என்பது அவர்கள் எண்ணம். அதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை.

ஆடுகள் பெருகின. 1970-களில் அவை 40 ஆயிரம் ஆகிவிட்டதாக மதிப்பிட்டார்கள். மூன்று எங்கே, 40 ஆயிரம் எங்கே! தீவில் இருந்த பச்சையை எல்லாம் மேய்ந்து தீர்த்தன.

அந்தத் தீவின் ஆமை இனத்தில், ஏற்கெனவே மனிதர்கள் தின்றது போக, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது ஓர் ஆண் ஆமை. 1971-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். ‘தனிமை ஜார்ஜ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு வந்து ஜோடி தேடினார்கள். சொந்த இனத்தில் ஒரு பெண் ஆமை கிடைக்கவே இல்லை. 2012-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி ஜார்ஜ் இறந்தது. அதோடு அந்த இனமே பூண்டற்றுப் போயிற்று.

கப்பலோடு வரும் ஆபத்து

இப்போது பழைய காலத்தைப் போல ஆமைகளை வெட்டிக் குவிப்பதில்லை. ஆடுகளை விடுவதும் இல்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். பிறகு என்ன பயம்?

பிரயாணியின் செருப்பில் ஒட்டிய விதை, ஊர் விட்டு ஊர் வந்து முளைக்கிறது. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிய பாசியும் சிப்பியும் புதுக் கடலில் குடியேறுகின்றன. இரவில் கப்பலில் விளக்கு எரிகிறது. வெளிச்சத்தைத் தேடிப் பூச்சிகள் வருகின்றன. காலையில் கப்பல் அடுத்த தீவில் நிற்கிறது. பூச்சிகள் அங்கே இறங்குகின்றன!

வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு வகை ஈ இருக்கிறது. அது குருவிக் கூட்டில் முட்டை இடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சுகின்றன. கண் திறக்காத குஞ்சுகள் கூட்டிலேயே மடிகின்றன. 1997-ல்தான் இந்தக் கொடுமை தெரிய வந்தது. கடலோரச் சதுப்புக் காட்டில் வாழும் ஒரு வகைக் குருவி இன்று உலகத்திலேயே நூறு அளவில்தான் மிஞ்சியிருக்கிறது.

எண்ணெய் ஆபத்து வேறு. 2001-ம் ஆண்டு ஜனவரி மாதம் ‘ஜெசிக்கா’ என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவுக்கு அருகே தரை தட்டியது. அதில் இருந்த எண்ணெயில் ஒரு பகுதி, உல்லாசக் கப்பல் ஒன்றின் உபயோகத்துக்காக வந்தது. ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் கடலில் கொட்டிவிட்டது.

நல்ல வேளை, காற்றும் நீரோட்டமும் எண்ணெயில் பெரும் பகுதியைத் தூரக் கடலுக்கு அடித்துச் சென்றன. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சான்டா பே என்ற தீவில், கடலில் நீந்திப் பாசி தின்னும் ஓணான்கள் உண்டு. காலபாகஸ் தீவுகளைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத பிராணி அது. தண்ணீரில் கலந்த கொஞ்சம் எண்ணெயே அவற்றுக்கு விஷம் ஆயிற்று. ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 60-க்கு மேல் செத்துவிட்டதாக விஞ்ஞானிகள் கண்டார்கள்.

என்னென்ன கட்டுப்பாடு?

இவ்வளவும் பட்ட பிறகு உண்டானவைதான் இன்றைய விதிகள்.

சுற்றுலாக் கப்பலும் படகும் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். எத்தனை படுக்கைக்கு அனுமதி என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. கப்பல் தன் இஷ்டத்துக்குத் திரிய முடியாது. எந்த நாள் எந்தத் தீவு, காலையில் எங்கே, மாலையில் எங்கே என்று பூங்கா அதிகாரிகள் அட்டவணை கொடுக்கிறார்கள். ஒரு இடத்துக்குப் போன கப்பல், இரண்டு வாரம் கழியாமல் மறுபடி அங்கே போகக் கூடாது.

கரையில் இறங்கும்போது ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வழிகாட்டி, பூங்காவின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். காலை 6 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் பூங்காவின் பார்வை இடங்களில் பிரயாணிகள் யாரும் இருக்கக் கூடாது. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. பிராணிகளுக்கு ஆறு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். தீனி போடக் கூடாது. ஒரு கல்லோ சிப்பியோ எடுத்துப் போகக் கூடாது.

வெளி நாட்டிலிருந்து வரும் கப்பலின் அடிப்புறத்தை முக்குளிப்பவர்கள் சோதிக்கிறார்கள். விமானத்தில் வருகிறவர்களின் பெட்டிகளையும் சோதிக்கிறார்கள். பழமோ விதையோ இருந்தால் பறிமுதல்தான்!

நுழைவுக் கட்டணமும் உண்டு. 1998 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது 100 டாலராக இருந்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 200 டாலர் ஆக்கிவிட்டார்கள். நம் பணத்தில் 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

ஜனங்கள் பிழைப்பது எப்படி?

இந்தத் தீவுகளில் சுமார் 30 ஆயிரம் ஜனங்கள் வாழ்கிறார்கள். மீன் பிடிப்பும் விவசாயமும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது சுற்றுலாதான். படகு ஓட்டுகிறவர், சமையல்காரர், வழிகாட்டி, ஓட்டல் வைத்திருப்பவர் எல்லாரும் பிரயாணியை நம்பித்தான் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்து போக்குவரத்து நின்றபோது, ஊரே வருமானம் இன்றித் தவித்தது.

இங்கேதான் சிக்கல். கப்பல்களின் படுக்கைக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். ஆனால் விமானத்தில் வந்து, ஊரில் ஓட்டலில் தங்கி, பகலில் படகு எடுத்துச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அப்படி ஓர் இறுக்கமான வரம்பு இல்லை. ஒரு கதவை அடைத்தார்கள். கூட்டம் இன்னொரு கதவு வழியே வந்தது! 2023-ல் வந்தவர்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். இன்று கப்பலில் தங்குகிறவர்களை விட ஊரில் தங்குகிறவர்களே அதிகம்.

கப்பலில் வரும் பணம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் போகிறது, ஓட்டலில் தங்குகிறவன் கொடுக்கும் பணம் எங்கள் வீட்டு அடுப்புக்கு வருகிறது என்று ஊர்க்காரர்கள் வாதாடுகிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் கூடினால் குப்பை கூடும், தண்ணீர்த் தேவை கூடும், சரக்குக் கப்பல் கூடும். சரக்கோடு எறும்பும் எலியும் வரும்.

2007-ல் ஐ. நா. கல்வி, கலாசார நிறுவனமான யுனெஸ்கோ, காலபாகஸ் தீவுகளை ‘ஆபத்தில் உள்ள உலகச் செல்வங்கள்’ பட்டியலில் சேர்த்தது. ஈக்வடார் நாட்டுக்கு அது பெரிய அவமானம். கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள். 2010-ல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. ஆனாலும் பிரயாணிகள் கூட்டம் மேலும் பெருகாமல் தடுக்க வேண்டும் என்று யுனெஸ்கோ சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இதே யோசனை வேறு இடங்களிலும் பரவிவிட்டது. வட துருவத்துக்கு அருகே, நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பிரயாணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தென் துருவத்திலோ, 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவரும் கரை இறங்கக் கூடாது என்பது விதி.

வீடு திரும்பிய கிழவர்

கட்டுப்பாட்டால் பலன் உண்டா? எஸ்பனோலா தீவைப் பாருங்கள்.

1960-களில் அந்தத் தீவின் ஆமைகளைத் தேடியபோது மொத்தம் 14-தான் கிடைத்தன. 12 பெண், 2 ஆண். எல்லாவற்றையும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் சான்டியாகோ மிருகக்காட்சி சாலையில் அதே இனத்து ஆண் ஆமை ஒன்று இருந்தது. அதையும் வரவழைத்தார்கள். அதன் பெயர் டியாகோ.

முட்டைகளைப் பாதுகாத்து, குஞ்சு பொரித்து, ஐந்தாறு வயது வரை வளர்த்துத் தீவில் விட்டார்கள். அந்தத் தீவில் இருந்த ஆடுகளையும் ஒழித்துவிட்டார்கள். இப்படி விட்ட ஆமைகள் சுமார் இரண்டாயிரம். காட்டிலும் அவை முட்டையிட்டுப் பெருகத் தொடங்கின.

இனி வளர்க்க வேண்டிய அவசியம் இல்லை என்ற நிலை வந்தது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம், 15 முதிய ஆமைகளையும் படகில் ஏற்றி, சொந்தத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். டியாகோவுக்கு வயது நூறு இருக்கும். சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகு அது பிறந்த மண்ணை மிதித்தது.

டியாகோவின் பேரக் குஞ்சு ஒன்று இன்று முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால், அதுவும் நூறு ஆண்டுக்கு மேல் வாழும். இன்று படகிலிருந்து இறங்கும் குழந்தைகள் தாத்தா பாட்டி ஆகும்போதும் அது அங்கே புல் மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் அது வரை அந்தச் சட்டமும் உயிரோடு இருக்க வேண்டும்.