நெறி கட்டினால்

சங்கக் கணக்கேட்டில் அங்கத்தினரின் தேகநலத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது. ஆயினும் அது வேறு பத்திகளில் வந்து பதிவாகிவிடுகிறது. வில்லியனூர்ப் பக்கத்துச் சங்கமொன்றில் நாம் தணிக்கை செய்தபொழுது, ஆண்டுக்கணக்காகத் தவறாமல் துணி ஒப்படைத்து வந்த நெசவாளர் ஒருவர் நான்கு மாதங்களாகப் பாதியளவே ஒப்படைத்திருக்கக் கண்டோம். நூல் வழங்கியதில் குறைவில்லை. ஆளை வரவழைத்தோம். சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தார்.

வற்புறுத்திய பின்னரே துண்டை விலக்கினார். காதுக்குக் கீழே, கழுத்தோரமாக, ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று கட்டிகள். வலியில்லை என்றார். பச்சிலை வைத்துக் கட்டியதோடு, யாரோ சொன்னார்களென்று சூடும் போட்டுக்கொண்டிருந்தார். "பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், ஐயா; வெளியில் தெரிந்தால் என்னாவது?" என்பதே அவர் கவலை.

நெறி கட்டுதல் என்று நாம் வழங்குவது நிணநீர்க் கணுக்கள் வீங்குவதையே. தேகமெங்கும் நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்கள் உண்டு. வயல்களின் வடிகால் நீர் மதகைக் கடந்து செல்வதுபோல், இந்நீரும் கணுக்களைக் கடந்தே இரத்தத்தில் சேர்கிறது. வழியில் வரும் கிருமியைக் கணு தடுக்கிறது, அப்போராட்டத்தில் வீங்குகிறது. ஆகவே வீங்கிய இடம் ஒன்று, கோளாறு உள்ள இடம் மற்றொன்றாக இருக்கலாம். கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டும். கைப்புண்ணுக்கு அக்குளில் கட்டும். குழந்தைகளின் தலையில் பேனும் புண்ணும் மிகுந்தால் பிடரியில் கட்டும்.

பாகூர்ப் பக்கத்து அன்பர்கள் இதனை நன்கறிவர். நடவுச் சேற்றில் நின்ற காலில் பித்தவெடிப்பு பழுத்தால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கு வலிக்கிறது. புண் ஆறினால் அதுவும் தணியும். ஆனால் கடுங்காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து, அக்குள், இடுப்பு போன்ற மறைவிடத்தில் பீடியால் சுட்டதுபோல் கருகிய சிறு புண்ணும் இருந்தால், அது புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய உண்ணியினால் வரும் காய்ச்சலாகலாம். புதுவை வட்டாரத்தில் இது அரிதன்று. தக்க மருந்து விரைவில் கொடுத்தால் குணமாவது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியர் கேளாவிடினும் அப்புண்ணைக் காட்டத் தயங்கலாகாது.

சோதிப்பது எளிது. விரல்களின் தட்டையான பகுதியால் மெல்ல அழுத்தி உருட்டிப் பார்க்கவேண்டும்: தாடைக்குக் கீழ், கழுத்தின் இருபுறம், பிடரி, காறை எலும்பின் மேல்பள்ளம், அக்குள், தொடையிடுக்கு. இருபுறத்தையும் ஒப்பிடுக. மெலிந்தவர்க்குத் தொடையிடுக்கில் பயறு போல் மிருதுவாகத் தட்டுப்படுவது இயல்பே. கொண்டைக்கடலையினும் பெரியதாகி இரண்டு வாரம் கடந்தும் வற்றாதது, வலியின்றி வளர்வது, கல்போல் இறுகியது ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். காறை எலும்பின்மேல் எவ்வளவு சிறியது தட்டுப்பட்டாலும் காட்டுக. பெண்களுக்கு அக்குளில் கட்டி வந்தால் மார்பையும் சோதித்தல் அவசியம். நாணத்தினால் இங்கே உயிர்கள் போகின்றன.

நம் நெசவாளரின் கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்து ஆஸ்பத்திரியில் சோதித்தனர். காச நோயே, முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதுதான். அரசர் கை தொட்டால் இது தீருமென்று பிரான்சு நாட்டார் பல நூற்றாண்டுகள் நம்பினர். பத்தாம் சார்லசு 1825-இல் முடிசூடிய கையோடு நோயாளிகளைத் தொட்டார். புதுவையும் அன்று அவர் ஆட்சியில் இருந்தது. ஆதலால் பச்சிலையை நம்பியவரை நாம் எள்ளி நகைப்பதற்கில்லை. காசக் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அறிவித்தது 1882-இல்தான்.

இன்று ஆறு மாத மருந்தில் இது தீருகிறது. குழந்தைகளின் கழுத்து நெறிக்கு ஆறு மாத மருந்து போதுமென்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி சற்றுப் பெருப்பதும் உண்டு. பலிக்கவில்லையென்று அப்பொழுது நிறுத்துவோர் பலர். நிறுத்தலாகாது. கழுத்து நெறி மட்டும் உள்ளவரிடமிருந்து பிறருக்கு ஒட்டாது. தட்டும் தம்ளரும் வேறாக வைக்கவேண்டியதில்லை. நுரையீரலிலும் நோய் உண்டா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். இதனை அவர் வீட்டாருக்கு நாம் இருமுறை சொல்ல நேர்ந்தது.

அவர் ஆறு மாதமும் மருந்துண்டார். கட்டிகள் வற்றின, சூட்டு வடு வற்றவில்லை. துணிக்கணக்கு பழைய அளவுக்கு வந்திருக்கிறது.

மருந்துக்கு அரசாங்கத்தார் விலை வாங்குவதில்லை. சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளிக்கு அளிக்கின்றனர். தொகை வங்கிக் கணக்கில் சேருவது. நம் நெசவாளரின் கணக்கு நெடுநாள் முடங்கிக் கிடந்தமையால் முதலிரு மாதத் தொகை தாமதமாயிற்று. சங்கச் செயலாளர்கள் அங்கத்தினரின் கணக்குப் புத்தகங்களை அடுத்த கூலிப் பட்டுவாடா நாளிலேயே வாங்கிப் பார்த்துவிடுவது நலம்.