நமக்கெதுக்கு சார் சன்ஸ்கிரீன்?

செங்கத்தில் வீடு, திருவண்ணாமலையில் ஆபீஸ் என்று அமைந்துவிட்டால் ஒரு விசேஷம் உண்டு. காலையில் கிழக்கே போக வேண்டும். சூரியன் நேர் எதிரே! சாயங்காலம் மேற்கே திரும்ப வேண்டும். அப்போதும் சூரியன் நேர் எதிரே! முப்பத்தைந்து கிலோமீட்டர், டூவீலரில், போக வர மூஞ்சியைத் தாம்பாளம் மாதிரி வெயிலுக்கு ஏந்திக்கொண்டு போகிற கோஷ்டியில் அடியேனும் ஒருவன்.

ஆறேழு வருஷத்தில் இரண்டு கன்னத்திலும் காப்பிப்பொடி தூவின மாதிரி திட்டுத் திட்டாகக் கறுப்பு.

"மங்கு விழுந்திருக்குங்க" என்றாள் மனைவி.

"அது பொம்பளைங்களுக்குத்தானே வரும்?"

"உங்களுக்கும்தான் வந்திருக்கே!"

நண்பர் ஒருவர் துண்டுச் சீட்டில் ஒரு ட்யூப் பேரை எழுதிக் கொடுத்தார். "பதினஞ்சே நாள், அப்புறம் பாரு!" பார்த்தேன். நிஜமாகவே மங்கு மங்கியது. ட்யூப்பை நிறுத்தினேன். போன மங்கு வட்டியோடு திரும்பி வந்தது. கூடவே பருவும் எரிச்சலும்.

பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் ஓடினேன். ட்யூப்பைப் புரட்டிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதுல ஸ்டீராய்டு இருக்குய்யா! மாசக்கணக்கில போட்டா தோலே மெலிஞ்சு போயிடும்" என்றார். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ல் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

"முதல்ல சன்ஸ்கிரீன் போடுங்க. அது இல்லாம நான் என்ன மருந்து கொடுத்தாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதைதான்."

"ஏற்கெனவே கறுப்பு டாக்டர். இனிமே கறுக்க என்ன இருக்கு?"

சிரித்துவிட்டு விளக்கினார். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற கறுப்புச் சாயம் பிறவியிலேயே கிடைத்த குடை. அதனால் வெள்ளைக்காரர்கள் மாதிரி வெந்து சிவந்து உரிவது நமக்குக் குறைவு. தோல் புற்றுநோயும் குறைவு. ஆனால் வெயில் சீண்டச் சீண்ட அதே சாயம் அங்கங்கே கொட்டிக்கொள்ளும். அதுதான் மங்கு, கருந்திட்டு எல்லாம்.

எந்த நம்பரைப் பார்ப்பது?

ட்யூப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது எஸ்.பி.எஃப். தோல் வெந்து சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் கணக்கு. நூறு கதிர் வந்தால் எஸ்.பி.எஃப். 15 சுமார் 93ஐத் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. பி.காம். புத்திக்கு உடனே உறைத்தது: 15லிருந்து 30க்குப் போவது லாபம். அதற்கு மேல் நம்பர் ஏறுகிற வேகத்தில் பாதுகாப்பு ஏறுவதில்லை!

ஆனால் நம் கவலை சிவப்பதா சார்? கறுப்பதுதானே! அதற்குத் தனி முத்திரை இருக்கிறது. பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் ப்ளஸ் குறிகள். தோல் கறுப்பதை வைத்து ஜப்பான்காரர்கள் 1996ல் கொண்டுவந்த அளவுகோல். மூன்று ப்ளஸ் அல்லது நான்கு இருக்கட்டும். எஸ்.பி.எஃப். 30, பி.ஏ. மூன்று ப்ளஸ்... மனப்பாடம் செய்துகொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

ஏதோ வாங்கக்கூடாததை வாங்குகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "சன்ஸ்கிரீன்..." என்றேன்.

"யாருக்கு சார்? வீட்ல அக்காவுக்கா?"

"ஆ... ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அங்கேதான் தப்பு. யாருக்கு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என் தோலுக்கு ஏற்றதைக் கொடுத்திருப்பார். மறுநாள் பூசிக்கொண்டு ஆபீஸ் போனால் வாசலிலேயே அட்டெண்டர், "இன்னா சார், கூத்துல வேஷம் கட்றீங்களா?" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். அரிதாரம் பூசி, கிரீடம் மட்டும் வைக்காத துரியோதனன்!

அந்த வெள்ளைக்குக் காரணம் ஜிங்க் ஆக்ஸைடு. சீக்கிரம் அரிப்பு எடுக்கிற தோலுக்கு அதுவும் டைட்டானியம் டையாக்ஸைடும் சாது. ஆனால் கறுப்பு முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கும்.

உங்களுக்கு எது?

மத்தியானத்துக்குள் மூக்கில் எண்ணெய் வழிகிற ஆசாமியா? பரு வருமா? ஜெல் அல்லது 'ஆயில் ஃப்ரீ' என்று போட்டது. தோல் வறண்டு சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா? க்ரீம் அல்லது லோஷன். ஷேவ் செய்த கன்னத்தில் சுரீர் என்கிறதா? ஆல்கஹாலும் வாசனையும் சேர்க்காதது. வேர்த்துக் கொட்டுமா? 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'. என்னைப் போல மங்கு உள்ளவரா? இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, லேசாக நிறம் கலந்த சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும். அதையும் இது ஓரளவு தடுக்கும். அரிதார வேஷமும் தெரியாது. 'சிவப்பழகு' என்று ஆசை காட்டுகிற டப்பா மட்டும் வேண்டாம். இது வெள்ளையாக்குகிற மருந்து இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றுகிற குடை.

அடுத்து அளவு. நாம் விபூதி இட்டுக்கொள்கிற அளவுதான் பூசுகிறோம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பாதி பூசினால் ட்யூப்பில் போட்ட நம்பரில் பாதிகூடத் தேறாது. காதையும் பிடரியையும் மறக்காதீர்கள். கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் ஒரு தரம். வெயிலில் திரிந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம்.

இன்னொரு விஷயம். நான் திட்டிக்கொண்டிருந்த காலை, மாலைச் சூரியன் கண்ணைக் கூசினாலும் அத்தனை கெட்டவன் இல்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் ஆபத்து. செங்கத்தில் சூரியன் நடு உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போவது வருஷத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல் 22 வாக்கில் ஒன்று, ஆகஸ்டு 20 வாக்கில் இன்னொன்று. ஆகவே, "ஆடி முடிஞ்சாச்சே" என்று ட்யூப்பைப் பரணில் போடாதீர்கள்!

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டா? கறுக்க வைக்கிற கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போனால் ஜில்லென்றுதான் இருக்கும். ஏமாறாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல் கூடும்.

ட்யூப் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? செங்கம் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் அம்மாக்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. முதல் தரமான சன்ஸ்கிரீன் அதுதான்! நானும் இப்போது முழுக்கைச் சட்டை, ஹெல்மெட் சகிதம்தான் போகிறேன்.

ஐந்து மாசம் ஆகிறது. டாக்டர் மருந்தும் சேர்ந்து மங்கு பாதி குறைந்திருக்கிறது. நிறம் அதே கறுப்புதான். ஆனால் ஒரே சீரான கறுப்பு!

போன வாரம் அட்டெண்டர் மெதுவாக என் டேபிள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "சார்... அந்த ட்யூப் பேரு இன்னா?" என்றார்.

"யாருக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு சார்!"

நம்பிவிட்டேன்.