வெறுங்கைத் துணிவு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால் நாவற்குடா, காத்தான்குடி, அடுத்தது ஆரையம்பதி. மேற்கே வாவி, கிழக்கே கடல், இடையில் ஒடுங்கிய நிலம். சைவக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. வடக்கு எல்லையில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் நகரம். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். இப்படிப்பட்ட இடத்தில் சுவிசேஷம் சொல்வது அடுத்த வளவுக்காரரோடு நாளைக்கும் முகம்பார்த்துப் பேச முடியுமா என்ற கேள்வியோடு பிணைந்தது. "ஆதித் திருச்சபையைப் போலத் துணிந்து எழும்புங்கள்" என்று சபைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்வது சரிதான். ஆனால் அந்தத் துணிவு எதிலிருந்து பிறந்தது என்று கேட்காமல் அதன் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோமோ என்பதே என் ஐயம். கொடுக்கவோ மிரட்டவோ கையில் எதுவும் இல்லாதவர்களின் துணிவு அது. பின்னால் அதிகாரமோ பணமோ வந்து நின்றதும், பேசுகிறவருக்குத் துணிவே தேவைப்படாமல் போய்விடுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளைச் சற்று நிதானமாக வாசித்தால் இது தெரியும். ஆலய வாசலில் பிச்சை கேட்டவனிடம் பேதுரு தன்னிடம் வெள்ளியும் பொன்னும் இல்லை என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் காசை நீட்டி வரத்தைக் கேட்டபோது அவனுக்குக் கிடைத்தது கடுமையான கண்டனம். ஸ்தேவான் கல்லெறியுண்டு இறந்தபின் சிதறி ஓடியவர்களே அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசினார்கள். அவர்களின் பெயர்கள்கூட நூலில் இல்லை. வெளியாரின் சாட்சியும் இதற்கு ஒத்துவருகிறது. 112ஆம் ஆண்டளவில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி இந்தப் புதிய கூட்டத்தைப் பற்றித் துப்புத் துலக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் பொறுப்பு வகித்தவர்கள் அவர்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற எழுத்தாளர், கம்பளி நெய்பவரும் செருப்புத் தைப்பவரும் வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் மயக்குகிறார்கள் என்று ஏளனம் செய்தார். (இன்றைக்கு நம் ஊர்களில் எழும் முறைப்பாடும் ஏறக்குறைய இதேதான், புதிதாக ஒன்றுமில்லை.)

நம் கரைக்குக் கிறிஸ்தவம் வந்த விதம் வேறு. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள், பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் ஒரு தகுதி. பிறப்பும் திருமணமும் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறவும் தேவாலயமே வழி. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், இலங்கை முழுவதும் தோம்பில் மட்டும் கிறிஸ்தவர்களாக இருந்த பெருந்தொகையினர் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். கோட்டையின் நிழலில் சேர்த்த கூட்டம் நிழலோடு போனது. இதற்கு மாறாக 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டை எடுத்துக்கொள்ளலாம். மனைவியைக் கடற்பயணத்திலேயே இழந்தவர். மட்டக்களப்பில் ஒரு வருடம் நிறையுமுன், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவருக்கும் ஆங்கிலேய அதிகாரிகளின் ஆதரவு இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அவர் தொடக்கிய பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அவருக்கு நகரில் சிலை எழுப்பியிருப்பதும் சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில்தான்.

பள்ளிக்கூடமும் ஒருவகைத் தூண்டில்தானே என்று கேட்கலாம். சில இடங்களில் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைவத்தைப் பழித்த பிரசுரங்கள் ஆறுமுக நாவலரை எழுப்பின. மிஷன் கற்றுக்கொடுத்த அச்சையும் பிரசங்கத்தையும் பள்ளிக்கூடத்தையுமே அவர் பதிலாகத் திருப்பிக்கொடுத்தார். கிழக்கில் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தராகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். கிறிஸ்தவப் பள்ளிக்கு அது தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. கேட்டுவிட்டுத் தன் வழியே போக ஒருவருக்கு இடமிருந்தால்தான், கேட்டுவிட்டு வந்து சேர்கிறவரின் முடிவுக்கும் மதிப்பு.

பவுல் மென்மையாகவா பேசினார், எபேசுவில் கலவரமே மூண்டதே என்பது அடுத்த ஆட்சேபம். மூண்டது உண்மை. தெமேத்திரியு என்ற தட்டான் தன் தொழில் கெடுகிறது என்று கூட்டம் கூட்டினான். அரங்கில் இரண்டு மணி நேரம் கூச்சல். அங்கே கூட்டத்தை அடக்கிய நகர அதிகாரி சொன்ன காரணத்தைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்: இந்த மனிதர்கள் கோயிலைக் கொள்ளையிடவுமில்லை, நம் தேவியைப் பழிக்கவுமில்லை என்றார் அவர். கைகளால் செய்யப்பட்டவை தெய்வமல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த பவுலின் தோழர்களைப் பற்றிய சாட்சி இது, அதுவும் அந்தத் தேவியின் நகரத்து அதிகாரியிடமிருந்து. தன் நம்பிக்கையை ஒளிக்காமல் சொல்வதற்கும் அடுத்தவர் தெய்வத்தைத் திட்டுவதற்கும் இடையில் இருந்த தூரம் எபேசு அதிகாரிக்குத் தெரிந்தது. திருவிழாக் காலத்தில் கோயில் வீதியிலேயே கைப்பிரதி கொடுப்பதைத் துணிவு என்று நினைப்பவருக்கு அது தெரிவதில்லை.

இன்னும் சிக்கலானது நிவாரணம். 2004 சுனாமி இந்தக் கரையை அள்ளிச் சென்றபின் உதவியும் ஜெபமும் ஒரே வாகனத்தில் வந்து இறங்குகின்றன என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. அதே ஆண்டு, சுனாமிக்கு முன்பே, கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பசித்தவனுக்கு உதவாமல் இருக்கச் சொல்கிறீர்களா என்று ஊழியர்கள் கேட்பது நியாயமே. விடை பேரரசன் ஜூலியனிடம் இருக்கிறது. கிறிஸ்தவத்தை வெறுத்த அவன் 362ஆம் ஆண்டளவில் தன் பூசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று பொருமினான். உதவி பெற்றும் பழைய தெய்வங்களையே வணங்கியவர்கள் ஏராளம் இருந்ததால்தான் அவனுக்கு அந்தப் பொருமல். உலர் உணவுப் பொதியைப் பெறுகிறவர் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வராவிட்டாலும் அடுத்த மாதப் பொதி வருமா? அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்த சபை, எந்தச் சட்டமூலத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

சட்டம் சாதகமாக இல்லாதபோது பேசலாமா என்பாரும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை மதத்தைப் பரப்பும் உரிமையை வெளிப்படையாகத் தருகிறது. இலங்கையில் 14(1)(உ) வழிபாடு, அனுசரிப்பு, சாதனை, போதனை என்பவற்றோடு நின்றுவிடுகிறது. பரப்புதல் அடிப்படை உரிமையாகாது என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ரோமில் இவ்வளவும்கூட இருக்கவில்லை. உயிர்ப் பயம் பற்றியும் நம்மிடம் யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை: 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முப்பதளவினர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறுவர்கள். தாக்கியவன் காத்தான்குடிக்காரன் என்பதால் அந்த ஊர் முழுவதன்மேலும் பழி விழுந்தது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் கும்பலைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பது மறக்கப்பட்டது. அதற்குப்பின் ஆரையம்பதிக் கிறிஸ்தவர் ஒருவர் காத்தான்குடிக் கடைக்குப் போய் பழையபடி சாமான் வாங்கிப் பேசிவருவதற்கு, ஒலிபெருக்கி பிடிப்பதைவிடக் கூடுதல் துணிவு வேண்டும்.

கடைசியாக, அழைக்கிறவரைவிட அழைக்கப்படுகிறவர் இழப்பது எப்போதும் அதிகம். மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருவது; கோயில் திருவிழாவில் பங்கும் பொறுப்பும் குடியைச் சேர்ந்தவை; வீடுவளவு சீதனமாகப் பெண்ணுக்குரியது, கணவன்தான் அங்கே வந்து குடியேறுகிறவன். எனவே ஒரு பெண் தன் வீட்டை ஜெபக் கூட்டத்துக்குத் திறந்தால், பிலிப்பியில் லீதியாள் செய்ததைப் போன்ற காரியம் அது. ஆனால் குடிக்குரிய இடமும் அவளோடு ஆட்டம் காணும். முதல் நூற்றாண்டுகளின் சபைகள் இந்தக் கணக்கை அறிந்திருந்தன. சில இடங்களில் ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம்வரை கற்கவைத்துக் காத்திருக்கச் செய்தார்கள். மாதக் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று தெர்த்துல்லியன் விளக்கும் இடத்தில் ஏழைகளுக்கு உணவு, அநாதைகள், முதியவர்கள் என்பவற்றோடு ஏழைகளின் அடக்கமும் வருகிறது. நம் சபைகள் ஒருவரை அழைக்குமுன் அதே விடயங்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: மகளின் கலியாணத்துக்கு யார் முன்னிற்பது, வருத்தம் வந்தால் யார் ஆஸ்பத்திரியில் தங்குவது, இறந்தால் எந்தச் சேமக்காலையில் இடம், பெட்டியைத் தூக்க யார் வருவார்கள்.